பூ கட்டாயம்

எங்கள் கம்பெனி கேட்டை ஒட்டி ஒரு கம்பி வேலி இருக்கிறது. காலையில் பஸ்கள் வந்து நின்ற ஐந்தாவது நிமிடம் அந்த வேலி பூத்துவிடும். பெண்கள் எல்லோரும் தலையில் இருக்கும் பூவைக் கழற்றி, அவரவருக்குப் பழகிய இடத்தில் கம்பியில் சுற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். காருக்குள் பொருத்துகிற சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகள் செய்கிற இடம். ஒரு இதழ், ஒரு நார், ஒரு தலைமுடி பலகைமேல் விழுந்தாலும் அந்தப் பலகை குப்பைக்குத்தான். யாருடைய ஸ்டிக்கர் பொட்டோ உதிர்ந்து ஒரு பலகையில் ஒட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பொட்டுக்கும் தடை. தாலி மேல்கோட்டுக்குள் போய்விடும். மோதிரத்துக்கு மேல் டேப். தலைக்கு நீலத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க். உள்ளே போய்விட்டால் கண்ணையும் நடையையும் வைத்துத்தான் யார் எவரென்று கண்டுபிடிக்க வேண்டும்.

சாயங்காலம் வெளியே வரும்போது வேலியில் இருப்பது பாதி வெந்திருக்கும். சின்னப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் எடுத்து வைத்துக்கொண்டு போகிற ரகம். காலையில் ஆசையாக வாங்கியதை வெயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனசு வராது.

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஒரு நாள் வேலியைக் காட்டிச் சொன்னார். "தெனமும் எங்களுக்கு ஓசியில கண்காட்சி வெக்கிறீங்க. மெட்ராஸ்ல பெரிய மலர்க் கண்காட்சி போட்டுக்கிறாங்களாம். ஒரு நாளு நீங்க போயி பாருங்கம்மா."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நான் லைன் லீடர். ஒரு பலகை எந்த இடத்தில் எத்தனை விநாடி நிற்கும், யாருக்குக் கை வேகம், யார் பாத்ரூம் போனால் திரும்பி வர நேரமாகும் என்பதெல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். திட்டம் போடுவது எனக்கு வேலை இல்லை, வியாதி. என் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான். மீதி நாள் வீட்டில் இருக்கும்போது, "என்னையும் லைன்ல நிக்க வெக்காத" என்பார்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரே நிறுத்தத்தில் பஸ் ஏறுகிறவர்கள் நாங்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒரே லைன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவானது. அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்து, இரண்டு பக்கத்துக்குத் திட்டத்தை அனுப்பினேன். ஏழு மணிக்கு சத்திரம் ஜங்ஷனில் வேன். ஏழு பத்துக்கு வராதவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். வெயில் ஏறுவதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். புளிச்சோறு நான், தக்காளிச் சோறு இன்னொருத்தி, உருளைக்கிழங்கு வறுவல் ஒருத்தி, அவித்த முட்டை மாதா கோயில் தெரு அக்கா. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்து கால் கடிக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. இரண்டிரண்டு பேராகத்தான் நடக்க வேண்டும், கூட்டத்தில் தொலைந்தால் யானை பொம்மைக்குக் கீழே வந்து நிற்க வேண்டும். பூவால் செய்த யானை ஒன்று அங்கே இருப்பதை யூட்யூபில் பார்த்துவிட்டேன். போட்டோவுக்கு நாற்பது நிமிடம் தனியாக ஒதுக்கியிருந்தேன்.

கடைசி வரி இது: "எல்லாரும் ரோஸ் கலர் புடவை. தலையில் மல்லி. பூ கட்டாயம்."

ஒரு நாளாவது கழற்றாத பூவோடு எட்டுப் பேரும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. கேட், வேலி, தொப்பி எதுவும் இல்லாத ஒரு நாள். அதை நினைத்துத்தான் அந்த வரியைப் போட்டேன். ஏழு கட்டை விரல்கள் வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஏழில் ஒரு விரல் என் பக்கத்து சீட்டுக்காரியுடையது. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். ஏழு வருஷமாக பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் அவள் பக்கத்தில். லைனிலும் எனக்கு நேர் எதிரில்தான் நிற்பாள். பேச்சு குறைவு. எங்களுக்குள் இருந்த ஒரே சண்டை ஜன்னலைப் பற்றியது. இந்த ஒன்றிரண்டு வருஷமாக, ஏறி உட்கார்ந்ததும் அவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள். நான் திறக்கச் சொல்வேன். "லாரி மண்ணுக்கா" என்பாள். அந்த ரோட்டில் மண் உண்மைதான். ஆனால் மழை நாளிலும் சாத்துவாள். வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை அவளைத் திட்டிக்கொண்டே போவது எனக்குக் காலைக் கடன்களில் ஒன்று.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஞாயித்துக்கிழம எனக்கு ஓ.டி. போட்டுட்டாங்கக்கா. நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

யாரிடம் சொல்கிறாள்? ஓவர்டைம் பட்டியல் எழுதுகிறவள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைனுக்கு ஓ.டி.யே கிடையாது. பொய் என்பதைவிட, என்னிடமே இப்படி ஒரு பொய்யா என்றுதான் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு இடம் பொருள் தெரியாது.

"எனக்குத் தெரியாத ஓ.டி.யா? எந்த கம்பெனியில?" என்றேன்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வராதவளுக்கு எதுக்கு கட்டை விரல்? நேத்தே சொல்லி இருக்கலாம் இல்ல? எப்ப பாரு ஒரு சாக்கு. போன தடவ கோயிலுக்குப் போனப்பவும் வரல. நாங்கள்லாம் சிரிச்சுகினு இருந்தா உனக்கு ஆவாதா?"

கேன்டீனில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பாதிச் சோற்றோடு எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அன்று முழுக்க எதிரெதிரே நின்றோம். பலகை என் கையிலிருந்து அவள் கைக்குப் போனது, கண் மட்டும் போகவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். நான் ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்று வாங்கிக்கொண்டு, ரொம்ப நியாயமானவளாக வீடு வந்து சேர்ந்தேன்.

மாதா கோயில் தெரு அக்கா அடுத்த நாள் டீ நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் எங்கள் லைனின் கடைசியில் நின்று பலகைகளைச் சோதிக்கிறவர். தப்பைக் கண்டுபிடித்தால் சத்தம் போட மாட்டார், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக வைத்துவிடுவார். என்னிடமும் அப்படித்தான் பேசினார்.

"பூ கட்டாயம்னு போட்டுக்கிற."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"அவ புருஷன் காமாலையில போயி ரெண்டு வருஷம் ஆவுது. நீயும் நானும்தான வூட்டுக்குப் போயி வந்தோம்."

எனக்கு அந்த வீடு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போட்ட பந்தல், வாசலில் கவிழ்த்து வைத்த நாற்காலிகள், மூலையில் அவள் உட்கார்ந்திருந்தது, அவளுடைய சின்னப் பெண் என் மடியில் தூங்கிப்போனது. பத்தாம் நாள் அவள் தலையிலிருந்து பூவை எடுத்தபோது பார்க்க முடியாமல் நான்தான் வெளியே வந்து நின்றேன். எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த வரியை எழுதினேன்.

எப்படி மறந்தேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். இரண்டு வருஷமாக நான் அவளைப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் நீலத் தொப்பியோடுதான். அங்கே எல்லோருக்கும் வெறும் தலை, வெறும் நெற்றி. யாருக்குப் பூ உண்டு, யாருக்குக் கிடையாது என்ற கேள்வியே லைனில் எழாது. பஸ்ஸில் என் தலையில் பூ இருந்தது, அவள் தலையில் இல்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் பார்க்கவில்லை. வேலியில் அவளுடைய இடம் இரண்டு வருஷமாகக் காலியாக இருந்தது. அதையும் பார்க்கவில்லை. விநாடிக் கணக்கு பார்க்கிற எனக்கு இது தெரியவில்லை என்பதுதான் வெட்கம். போதாததற்கு, "சிரிச்சுகினு இருந்தா உனக்கு ஆவாதா" என்று வேறு கேட்டிருக்கிறேன். நரம்பில்லாத நாக்கு.

"எங்க தெருவுலயும் அப்படித்தான்" என்றார் அக்கா. "மாதாவுக்கு மாலை கட்டலாம். மிச்சத்த தலையில வெச்சா பேசுவாங்க."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கு வாய் வர வேண்டுமே. எனக்குத் தெரிந்தது திட்டத்தைத் திருத்துவதுதான். அன்று சாயங்காலம் குழுவில் எழுதினேன்: "முக்கியமான விஷயம். பூ வைத்துக்கொண்டு போனால் கண்காட்சிக்குள் விட மாட்டார்களாம். வெளியே வரும்போது உள்ளே பறித்த பூவா, வாங்கிய பூவா என்று தகராறு வருகிறதாம். அதனால் யாரும் பூ வைக்கக் கூடாது. என் தங்கச்சி விசாரித்துச் சொன்னாள்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். மலர்க் கண்காட்சிக்குப் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாதாம். எங்களில் ஒருத்திகூட, ஏன் என்று கேட்கவில்லை. இத்தனை வருஷமாக கேட் என்று ஒன்றைப் பார்த்தாலே கை பின்னந்தலைக்குப் போகிறவர்கள் நாங்கள். பூவைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டுப் போவோம். ஒருத்தி மட்டும், "அங்க வேலி இருக்குமாக்கா, மாட்டிட்டுப் போக?" என்று கேட்டிருந்தாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுடைய கட்டை விரல் வந்தது. அதற்குக் கீழே, "ஓ.டி. கேன்சல்" என்று ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எட்டுப் பேரும் ஜங்ஷனில் நின்றோம். ரோஸ் புடவைகள், எண்ணெய் வைத்து வாரிய வெறும் தலைகள். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எங்கம்மா, கோர்ட்டு கேஸுக்கா?" என்று கேட்டார். வேனில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் உருளைக்கிழங்கு வறுவல் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அதையே நான் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

கண்காட்சி வாசலில் இறங்கினோம். நடைபாதை நெடுக பூக்காரிகள். மல்லி, முல்லை, கனகாம்பரம், சாதிமல்லி, கூடை கூடையாக. உள்ளே போகிற அத்தனை பெண்கள் தலையிலும் பூ. டிக்கெட் கிழிக்கிற அம்மாவின் தலையில் ஒரு முழம். ஏழு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"யக்கா, இன்னாக்கா இது?"

"நேத்து வரைக்கும் விடலியாம். இன்னிக்கு ரூல்ஸ மாத்திட்டாங்க போல" என்றேன்.

மாதா கோயில் தெரு அக்கா தரையில் எதையோ தேடினார். என் பக்கத்து சீட்டுக்காரி என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறிவிட்டது.

உள்ளே என் திட்டம் முதல் வளைவிலேயே படுத்துவிட்டது. அந்த வளைவு முழுக்க ஊதாப் பூக்கள். அதற்குக் கீழே போட்டோ எடுக்க மட்டும் அரை மணி நேரம் போனது. பிறகு யானை, பிறகு படகு, பிறகு பூவால் செய்த ஒரு பெரிய மயில். ஜோடி ஜோடியாக நடக்க வேண்டியவர்கள் கொத்துக் கொத்தாகப் போனார்கள். யாரும் தொலையவில்லை. சத்தம் கேட்டே கண்டுபிடிக்கலாம். எட்டு மணி நேரம் தலைகுனிந்து ஒரு விரல் அளவு பலகையைப் பார்க்கிறவர்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வண்ணத்தைப் பார்த்தால் எப்படி இருப்பார்கள்? ஒருத்தி செவ்வந்திப் பாத்தி முன்னால் நின்று, ஒரே அளவாக எப்படி வளர்த்தார்கள் என்று தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாட்சைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கால் வலித்து, ஒரு மர நிழலில் சிமென்ட் திண்டில் உட்கார்ந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பாத்தி.

"வாசனையே இல்லக்கா" என்றாள்.

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. உண்மைதான். அவ்வளவு பூவுக்கு நடுவில் மண்ணும் தண்ணீரும்தான் மணத்தன.

"எதுக்குக்கா பொய் சொன்ன?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மறந்துபோனதை, அக்கா சொன்னதை, கேன்டீனில் பேசிய பேச்சுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் திட்டத்தை மாற்றியதை. சொல்லி முடித்ததும் அவள் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஏழு வருஷத்தில் அவள் என்மேல் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"பூ வெக்காதன்னு உங்கிட்ட நான் கேட்டனா? இங்க நான் ஒருத்தி மூளியா இருக்கறது போதாதா? எட்டு பேரையும் மூளியாக்கிக் கூட்டியாந்துட்டியே."

என் கை வெறும் பின்னந்தலைக்குப் போனது.

"எங்க மாமியாகூட வெச்சுக்கோன்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் கை வரல. அவரு வாங்கியாந்து குடுத்தாதான் வெப்பேன், நானா வாங்கிப் பழகல. அதுக்காக பூவே வேணாம்னு சொன்னனா?" கொஞ்ச நேரம் பாத்தியைப் பார்த்தாள். "பஸ்ஸுல நான் எதுக்கு ஜன்னல சாத்தறேன்னு நெனச்ச?"

"மண்ணு."

"காத்து வந்தா வாசனை போயிடும்க்கா. கம்பெனி வரைக்கும் உன் தலையில இருக்கறதுதான் எனக்கு. அப்பறம் நீ வேலியில மாட்டிடுவ."

தினமும் அவளைத் திட்டியபடி நான் வந்த அந்த நாற்பது நிமிடம், அவளுக்கு இதுவாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றேன்.

சாப்பிட்டு முடித்து மூன்று மணி வாக்கில் வெளியே வந்தோம். அவள் எல்லோருக்கும் முன்னால் நடந்து ஒரு பூக்காரியிடம் போய் நின்றாள். மல்லியாக வாங்கி, ஏழு துண்டாக வெட்டச் சொன்னாள். "வாசல்ல போட்டோ எடுக்கலாம். பூவோட" என்றாள். தானே ஒவ்வொருத்தி தலையிலும் வைத்துவிட்டாள். சின்னவள் ஒருத்தி ஓடிவந்து முதுகைக் காட்டி நின்றாள். மாதா கோயில் தெரு அக்கா பின்னலை முன்னால் தள்ளிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

கடைசியாக நான். திரும்பி நின்றேன். அவள் விரல் என் பின்னங்கழுத்தில் பட்டது. அந்த நொடியில் எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. இரண்டு நாளாக லாரியோடு ஓசூர்ப் பக்கம் எங்கேயோ இருந்தார். காலையிலிருந்து போன் வரவில்லை. அவ்வளவுதான். நினைத்ததுகூட முழுசாக இல்லை, ஆனால் என் கழுத்து விறைத்துக்கொண்டது. அதை நான் செய்யவில்லை என்று இன்றைக்கும் சொல்லிப் பார்க்கிறேன். என் கழுத்துதானே, வேறு யார் செய்தது?

அவள் கை நின்றது. தினமும் அரை விநாடி பிசகாமல் பலகையை எடுக்கிற கை. அதற்குத் தெரியாதா?

"பயமா இருந்தா நீயே வெச்சுக்கோக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இன்னொரு பொய் என் வாய் வரை வந்தது. ஹேர்பின் குத்திவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அவளும் நம்பியதாகக் காட்டிக்கொண்டிருப்பாள்.

"பயம்தான்" என்றேன். "நீ வை."

கொஞ்சம் நேரமானது. பிறகு என் கொண்டையில் ஊசி இறங்குவது தெரிந்தது. நன்றாக இறுக்கித்தான் வைத்தாள்.

அந்த போட்டோ என் போனில் இருக்கிறது. ஏழு பேரும் பூவைக் காட்டுவதற்காகத் தலையைப் பக்கவாட்டில் திருப்பியிருக்கிறோம். அவள் மட்டும் நேராக கேமராவைப் பார்த்து நிற்கிறாள். உதிர்ந்த மல்லி நாலைந்து அவள் உள்ளங்கையில் இருந்தது, மூடிக்கொண்டிருப்பதால் படத்தில் தெரியாது. வேனில் ஏறியதும் என் போன் அடித்தது. என் வீட்டுக்காரர். கிருஷ்ணகிரியில் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்ததாகவும், சாப்பிட்டுவிட்டதாகவும் சொல்லிவிட்டு, கண்காட்சி எப்படி என்று கேட்டார். "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் சத்திரத்தில் வழக்கமான பூக்காரியிடம் வழக்கத்தைவிட அரை முழம் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு ஏறினேன். அவள் எனக்கு முன்பே ஏறியிருந்தாள். எங்கள் பழைய சீட்டில் ஜன்னலோரம். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே திறந்து வைத்திருக்கிறாள். என் கழுத்து விறைத்ததற்கு அவள் கொடுத்த பதில் அது என்று எனக்குப் புரிந்தது.

நான் உட்கார்ந்தேன். அவளைத் தாண்டிக் கையை நீட்டி, கண்ணாடியை இழுத்துச் சாத்தினேன். அது பாதியில் சிக்கியது. எழுந்து நின்று இரண்டு கையாலும் தள்ளி மூடினேன். அன்றைக்கு நல்ல புழுக்கம். வல்லம் வடகால் தாண்டி கேட் வரும்வரை, இரண்டு பேரும் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தோம்.